ஹோஸ்டிங் விற்கிறவருக்கு கூகுள் விளம்பரம் கட்டுப்படியாகுமா?

மதுரையில் வெப் ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைக்க சர்வரில் இடம், விற்கிறவர்களில் பெரும்பாலோர் ஹோஸ்டிங்கை மட்டும் விற்பதில்லை. அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ ஒரு மாடியில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து வெப்சைட் செய்து தருவார்கள். கூடவே டொமைன் (சைட்டின் இணையப் பெயர்) வாங்கிக் கொடுப்பார்கள், பெரிய கம்பெனி ஒன்றிடம் ரீசெல்லர் கணக்கு எடுத்து அதில் இடம் பிரித்துக் கொடுப்பார்கள், கம்பெனி பெயரில் இமெயில் போட்டுக் கொடுப்பார்கள். கஸ்டமர்கள் யாரென்றால் கல்யாண மண்டபம், மெட்ரிக் பள்ளி, பல் டாக்டர், தெற்காவணி மூல வீதி நகைக்கடை, கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை, சுங்குடிச் சேலை விற்கிற குடும்பம். வருடத்துக்கு ஒருமுறை பில் போகும். சைட் நின்றுபோனால் உடனே போன் வரும்.

இந்தத் தொழிலில் ஐந்தாறு வருடம் ஓட்டிய எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: கூகுளில் விளம்பரம் போட்டால் என்ன? தெரிந்தவர் மூலம் வருகிற கஸ்டமர்கள் ஓர் அளவோடு நின்றுவிடுகிறார்கள். கிளிக் விழுந்தால்தான் காசு, விழாவிட்டால் ஒன்றும் இல்லை என்கிற ஏற்பாடு கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனாலும் போட்டவர்களில் பலர் இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். "பணம் போனதுதான் மிச்சம்" என்கிறார்கள். வேறு சிலர் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்தத் தேடல் சொல்லுக்கு விளம்பரம் வர வேண்டுமோ அதை ஏலத்தில் கேட்க வேண்டும்; அவர்கள் கேட்ட சொற்கள்தான் வேறு.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு கிளிக்குக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தேடுகிற சொல்லை ஏலம் விட்டு, கிளிக் விழுந்தால் மட்டும் காசு வாங்குவது என்கிற முறையை 1998-இல் தொழிலாக நடத்திக் காட்டியது கோட்டூ.காம். அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003-இல் யாஹூவிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே அதிகம் கேட்டவர் மேலே, குறைவாகக் கேட்டவர் கீழே, அவ்வளவுதான் விதி. கூகுள் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியபோது விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதற்குத்தான் காசு வாங்கியது. 2002-இல்தான் கிளிக் ஏலத்துக்கு வந்தது. வரும்போது ஒரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. கேட்ட தொகையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்து இடம் கொடுத்தது. பின்னால் இதுவே குவாலிட்டி ஸ்கோர் என்று ஆனது. எதிர்பார்க்கும் கிளிக் விகிதம், தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், கிளிக் செய்தவர் போய் இறங்குகிற பக்கம் எப்படி இருக்கிறது என்ற மூன்றும் அதில் வரும். 2018-இல் ஆட்வேர்ட்ஸுக்கு கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறியது. ஏலத்தின் அடிப்படை மாறவில்லை.

அந்த ஏலத்தில் நாம் கேட்ட தொகை முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. நமக்கு அடுத்த இடத்தில் இருப்பவரைத் தாண்டி நிற்க எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்தால் போதும். ஆக, நம் கிளிக்கின் விலையை ஏற்றுவது போட்டிக்கு நிற்கிறவர். அவர் எவ்வளவு வரை கேட்பார் என்பது, ஒரு கஸ்டமரிடம் கடைசி வரை அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தின காலை இதே கதைதான். பெரிய மண்டப ஆர்டர் கையில் வைத்திருப்பவர் மல்லிகைக்கு எந்த விலையும் கொடுப்பார். தெருவில் முழம் போட்டு விற்கிறவருக்கு அந்த விலை கட்டாது. ரெண்டு பேருக்கும் பூ ஒன்றுதான், வரவு வேறு.

ஹோஸ்டிங்கில் மண்டப ஆர்டர் வைத்திருப்பவர்கள் யார்? இந்தியாவில் பலரும் அறிந்த பிக்ராக், ரீசெல்லர்கிளப் இரண்டும் டைரெக்டி குழுமத்தில் பிறந்தவை. 2014-இல் அமெரிக்காவின் எண்டூரன்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறின. புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் அப்போதே எண்டூரன்ஸ் வசம் இருந்தன. அந்த எண்டூரன்ஸ் 2021-இல் வெப்.காமோடு சேர்ந்து நியூஃபோல்டு டிஜிட்டல் ஆனது. ஆக, தேடல் பக்கத்தில் தனித்தனிக் கடையாகத் தெரிகிற பெயர்களில் சில ஒரே வீட்டுப் பிள்ளைகள். இன்னொரு பக்கம் கோடாடி, ஹோஸ்டிங்கர் மாதிரி உலகம் முழுக்க விற்கிறவர்கள். இவர்கள் முதல் தவணையை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு ரினிவலில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குவது வழக்கமான முறை. நடுவில் பேக்கப், இமெயில், பாதுகாப்பு, வெப்சைட் பில்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து விற்பார்கள். ஒரு கஸ்டமரை அழைத்து வருகிற இணையதளத்துக்குப் பல டாலர் கமிஷன் கொடுப்பதும் இந்தத் தொழிலில் பழைய பழக்கம். வெளியாளுக்கு அவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கும் கம்பெனி, அதையே கூகுளுக்கும் கொடுக்கும். 2011-இல் வேர்ட்ஸ்ட்ரீம் என்கிற விளம்பர மென்பொருள் நிறுவனம் கூகுளின் விலை உயர்ந்த கீவேர்டுகள் (ஏலம் போகிற தேடல் சொற்கள்) என்று 20 வகைகளைப் பட்டியலிட்டபோது இன்சூரன்ஸ், கடன், வக்கீல் இவற்றோடு ஹோஸ்டிங்கும் அதில் இருந்தது. அது அமெரிக்கச் சந்தையை முதன்மையாக வைத்த கணக்கு, மதுரையில் அந்த விலை இல்லை. ஆனால் விலையை ஏற்றுகிற கைகள் அதே மாதிரிக் கைகள்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம்

இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் சேர்த்து வருடத்துக்கு 3,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். டொமைனுக்கு 1,000, சர்வரில் அந்தக் கஸ்டமரின் பங்கு 400, பேமென்ட் கேட்வே கமிஷன் 60 போனால் 1,540 மிச்சம். ஒரு கிளிக் 40 ரூபாய், 100 கிளிக்கில் 2 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4,000 ரூபாய் செலவில் 2 கஸ்டமர், தலைக்கு 2,000. முதல் வருடமே தலைக்கு 460 ரூபாய் கையைக் கடிக்கிறது.

பலர் இந்த இடத்திலேயே விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஹோஸ்டிங் வருடா வருடம் வருகிற வருமானம் என்பதால் இந்த இடத்தில் முடிவு செய்வது அவசரம். இரண்டாம் வருடம் 100-க்கு 70 பேர் புதுப்பிக்கிறார்கள், மூன்றாம் வருடம் அவர்களில் 85 சதவீதம் பேர் தொடர்கிறார்கள் என்றால், சேர்த்த ஒவ்வொரு கஸ்டமருக்கும் சராசரியாக மூன்று வருடத்தில் வருவது 1,540 + 1,078 + 916, மொத்தம் 3,534. விளம்பரச் செலவு 2,000 போக 1,534 மிஞ்சுகிறது. பரவாயில்லையே என்று தோன்றும்.

ஆனால் போனை எடுக்கிற ஆளின் சம்பளம் இன்னும் கணக்கில் வரவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது, மெயில் போகவில்லை, பையன் ஏதோ அழுத்திவிட்டான், சைட் வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு சிறிய கஸ்டமர் வருடத்துக்கு நான்கைந்து முறையாவது கூப்பிடுவார். அதற்கு வருடம் 500 ரூபாய் என்று வைத்தால்கூட, சராசரியாக மூன்று வருடத்துக்கு 1,147 போய்விடும். மீதி 387 ரூபாய். மூன்று வருடம் காத்திருந்து 387.

அப்புறம் ஜிஎஸ்டி. கூகுள் பில்லில் 18 சதவீதம் வரி சேர்ந்துதான் வரும். ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் அதை இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவு செய்யாத சின்ன நிறுவனத்துக்கு அது முழுச் செலவு. 2,000 ரூபாய்க்கு 360. மிச்சமிருந்த 387-இல் 27 ரூபாய்தான் நிற்கும்.

கிளிக் 40 இல்லாமல் 60 ஆனால் என்ன ஆகும்? வரியைச் சேர்க்காமலே தலைக்கு 600 ரூபாய்க்கு மேல் நஷ்டம். வாங்குகிறவர் 100-க்கு 2 இல்லாமல் 1 என்றால் அதைவிட மோசம். இந்த இரண்டு எண்களில் எதுவும் நம் கையில் இல்லை. கிளிக் விலையைப் போட்டியாளர் ஏற்றுகிறார். முதல் மாதம் சில நூறு ரூபாய்க்கு அவர் கொடுக்கிற ஆஃபரைப் பார்த்துவிட்டு வருகிறவர், நம் பக்கத்தில் 3,000 என்று பார்த்ததும் திரும்பிப் போகிறார். அதனால்தான் 'வெப் ஹோஸ்டிங்', 'சீப் ஹோஸ்டிங்', 'டொமைன் பை' மாதிரிச் சொற்களில் மதுரையிலிருந்து ஏலம் கேட்பது வீண் என்கிறேன். விளம்பரத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

செலவுப் பக்கமும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சர்வரில் சைட்டுகளை நிர்வகிக்கிற மென்பொருளான சிபேனல் 2019-இல் சர்வருக்கு இவ்வளவு என்கிற கட்டணத்தை விட்டுவிட்டு கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியது. நூற்றுக்கணக்கான சிறு சைட்டுகளை ஒரே சர்வரில் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. டாட் காம் டொமைனின் மொத்த விற்பனை விலை 2021 வரை 7.85 டாலராக இருந்தது, அடுத்தடுத்து ஏறி 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. ரூபாயில் பார்த்தால் 900-ஐ ஒட்டி, அதுவும் வரிக்கு முன்னால். முன்பெல்லாம் சைட்டுக்கும் பார்க்கிறவருக்கும் இடையே தகவலைப் பாதுகாக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழ் விற்பதில் ஒரு லாபம் இருந்தது. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற அமைப்பு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த வரவும் போனது. கஸ்டமருக்கு அது நல்லது என்பதில் சந்தேகமில்லை. விற்கிறவரின் கணக்கில்தான் ஒரு வருமானம் குறைந்துவிட்டது.

சரி, எந்தச் சொல் கட்டும்?

மேலே போட்ட கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். அதே கஸ்டமர் ஹோஸ்டிங்கோடு வெப்சைட் வேலையும் சேர்த்துக் கொடுக்கிறார். 15,000 ரூபாய் வேலை, ஆள் கூலி 9,000 போக 6,000 நிற்கிறது. இப்போது அவரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் செலவானாலும் முதல் மாதமே கணக்கு தேறிவிடும். ஹோஸ்டிங் ரினிவல் பின்னாலேயே வருடா வருடம் வரும். பெரிய கம்பெனிகள் முதல் வருட நஷ்டத்தை ரினிவலில் எடுக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு முதல் வருடத்தைத் தாங்கிப் பிடிப்பது கையால் செய்கிற வேலை. அந்த வேலையைத் தேடுகிறவரின் சொற்களில்தான் விளம்பரம் நிற்க வேண்டும்: 'வெப்சைட் டிசைன் மதுரை', 'ஸ்கூல் வெப்சைட்', 'கம்பெனி பெயரில் இமெயில்', 'ஆன்லைன் ஸ்டோர் செய்ய'. இவற்றைத் தேடுகிறவர்கள் குறைவு. ஆனால் தேடுகிறவர் கிட்டத்தட்ட வாங்கத் தயாராக இருப்பவர். 2018-இலிருந்து தமிழிலும் கூகுள் விளம்பரம் போட முடிகிறது. கடைக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசித் தேடுவது சாதாரணமாகிவிட்ட காலத்தில், தமிழ்ச் சொற்களில் போட்டி இன்னும் மெலிதாகவே இருக்கிறது.

ஹோஸ்டிங்கிலேயே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை, ஊருக்கு வெளியே குடோன், ஆடிட்டர் அலுவலகம் வேறொரு தெருவில். மூன்று இடத்திலும் ஒரே டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) ஓட வேண்டும். இதற்கு டாலியை ஒரு கிளவுட் சர்வரில் வைத்து, யார் எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கிற மாதிரிச் செய்து தருவார்கள். வழக்கமாக ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாங்குகிற சேவை இது. வருடம் 3,000 தருகிற வெப்சைட் கஸ்டமரைவிடப் பல மடங்கு வரவு, கணக்கு வழக்கு அதில் இருப்பதால் அவர் லேசில் விட்டுப் போகவும் மாட்டார். அதை நிறுவும்போது நேரில் வந்து பிரிண்டரைச் சரிசெய்து கொடுக்க ஆள் வேண்டும் என்பதால் உள்ளூர்க்காரருக்கே சாதகம். விளம்பரத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கினால் நான் முதலில் இந்தச் சொற்களில்தான் போடுவேன்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. பணம் கசிகிற இடம் பெரும்பாலும் தேடல் சொற்கள் அறிக்கையில் தெரியும். நீங்கள் கொடுத்த கீவேர்டு ஒன்று, மக்கள் உண்மையில் தட்டச்சு செய்தது வேறு. கூகுளின் பிராட் மேட்ச் என்கிற விரிந்த பொருத்தத்தில் விட்டுவிட்டால், 'ஹோஸ்டிங்' என்கிற கீவேர்டுக்கு 'சிபேனல் லாகின்', 'வெப்மெயில் லாகின்', 'ஃப்ரீ ஹோஸ்டிங்', 'வாட் ஈஸ் ஹோஸ்டிங்' என்றெல்லாம் கிளிக் விழும். முதல் இரண்டும் வேறு கம்பெனியின் கஸ்டமர்கள், தங்கள் கணக்குக்குள் போக வழி தேடுகிறவர்கள். மூன்றாவதும் நான்காவதும் பெரும்பாலும் மாணவர்கள். மதுரையைச் சுற்றி எத்தனை இன்ஜினியரிங் கல்லூரி, கலைக் கல்லூரி என்று நமக்குத் தெரியும். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் காலம் வந்தால் பிள்ளைகள் இலவச இடம் தேடுவார்கள். அவர்கள் மீது குற்றமில்லை, அவர்கள் தேடுவது நாம் விற்கிற பொருளில்லை, அவ்வளவுதான். அந்த அறிக்கையை வாரம் ஒருமுறை திறந்து, 'ஃப்ரீ', 'லாகின்', 'கோர்ஸ்', 'ஜாப்ஸ்', 'இன்டர்ன்ஷிப்', 'புராஜெக்ட்', 'பிடிஎஃப்' போன்ற சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக்கூடாத சொல்லாகப் போட வேண்டும். கீவேர்டுகளை பிராட் மேட்சைவிட இறுக்கமான ஃபிரேஸ் அல்லது எக்ஸாக்ட் பொருத்தத்தில் வைக்க வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் சின்ன பட்ஜெட்டில் விளம்பரம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

இடத் தேர்விலும் ஒரு பொறி இருக்கிறது. மதுரை மாவட்டம் என்று தேர்ந்தெடுத்தால் மதுரையில் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். கூகுள் இயல்பாக வைத்திருக்கும் அமைப்பு, அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் 'ஆர்வம் காட்டியவர்'களையும் சேர்த்துக்கொள்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வர வேறு மாநிலத்திலிருந்து ரூம் தேடியவரும் அந்தக் கணக்கில் வரலாம். அமைப்புக்குள் போய், அந்த இடத்தில் இருப்பவர் அல்லது வழக்கமாக இருப்பவர் என்பதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதே மாதிரி, தேடல் விளம்பரம் என்று தொடங்கினாலும் கூகுளின் பார்ட்னர் தேடல் தளங்களும், மற்ற வெப்சைட்டுகளில் விளம்பரம் காட்டுகிற டிஸ்பிளே நெட்வொர்க்கும் கூடவே டிக் ஆகியிருக்கும். தொடக்கத்தில் இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது.

போனில் வந்து முடிகிற வியாபாரம்

நம் ஊர்க் கஸ்டமர் விளம்பரத்தைக் கிளிக் செய்து, திட்டங்களை ஒப்பிட்டு, கார்டு நம்பர் போட்டு வாங்குவது அரிது. பக்கத்தைப் பார்ப்பார், நம்பரைத் தேடிப் போன் செய்வார். "ஆபீஸ் எங்க இருக்கு?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அப்புறம் வாட்ஸ்அப்பில் லோகோ அனுப்புவார், நேரில் வருவார், ஜிபேயில் பாதிப் பணம் போடுவார். மூன்று வாரம் கழித்து மீதி. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி மட்டும்தான் கூகுளுக்குத் தெரியும். ஆர்டர் பக்கத்தில் வாங்குவதை மட்டும் கணக்கெடுத்தால், விளம்பரத்தால் வந்த வியாபாரம் பூஜ்யம் என்றே அறிக்கை காட்டும். பல நல்ல விளம்பரங்கள் இப்படித்தான் வீணென்று நிறுத்தப்படுகின்றன. ஏலத் தொகையைக் கூகுளே முடிவு செய்கிற தானியங்கி ஏலத்தில் விட்டிருந்தால் இன்னும் கெடுதல். எந்தக் கிளிக் வியாபாரமானது என்று தெரியாமல் கூகுள் எதை நோக்கி ஏலம் கேட்கும்?

அதனால் விளம்பரத்துக்கென்று தனி போன் நம்பர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். கூகுளின் அழைப்பு அறிக்கையை இயக்கி, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பேசிய அழைப்பை மட்டும் வியாபார வாய்ப்பாக எண்ணச் சொல்லலாம். இயல்பாக 60 வினாடி என்று இருக்கும். விசாரணைப் படிவத்தில் கிளிக்கோடு வருகிற ஜிசிஎல்ஐடி அடையாளத்தைச் சேமித்து வைத்தால், அந்த ஆள் பின்னர் பணம் கட்டியதும் அந்தத் தகவலைக் கூகுளுக்குத் திருப்பி ஏற்றலாம். இதெல்லாம் முடியாது என்றாலும், போன் எடுக்கிறவர் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால்கூட, இரண்டு மாதத்தில் நிலவரம் தெரிந்துவிடும்.

இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுக்க ஆளில்லை என்றால் அந்த நேரத்தில் விளம்பரத்தை நிறுத்திவைக்க வேண்டும். எடுக்காத போனுக்கும் கிளிக் காசு உண்டு.

ஹோஸ்டிங்குக்கே உரிய இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதை விளம்பர ஏஜென்சிகள் சொல்ல மாட்டார்கள். மலிவு விலை போட்டு, பணம் கட்டியதும் கணக்கு தானாகத் திறக்கும்படி வைத்தால், அந்த விளம்பரம் மோசடிக்காரர்களையும் அழைத்து வரும். திருடிய கார்டில் வாங்கி, வங்கிப் பக்கம் மாதிரியே போலிப் பக்கம் போடுவார்கள், அல்லது ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஸ்பாம் மெயில் அனுப்புவார்கள். காலையில் பார்த்தால் சர்வரின் ஐபி முகவரி கருப்புப் பட்டியலில் இருக்கும். அதே சர்வரில் இருக்கிற நகைக்கடையின் மெயிலும் பள்ளிக்கூடத்தின் மெயிலும் திரும்பி வரும். கார்டுக்காரர் வங்கியில் புகார் செய்ததும் வாங்கிய பணமும் போய்விடும். இப்படி வருகிற ஒரு கஸ்டமர், பத்து நல்ல கஸ்டமரைக் கிளப்பிவிடக்கூடும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி விபிஎஸ் (ஒரு சர்வரைப் பிரித்துத் தனி சர்வர் போலத் தருவது), கிளவுட் சேவை தருகிறவர்கள் கஸ்டமரின் சரிபார்த்த விவரங்களைச் சேவை முடிந்த பிறகும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே விளம்பரம் வழியாக வருகிற புது ஆர்டரை ஒரு போன் பேசி உறுதி செய்த பிறகே திறப்பது நல்லது. கொஞ்சம் தாமதமாகும். ஆகட்டும்.

போட்டியாளர் வேண்டுமென்றே கிளிக் செய்து பணத்தைக் கரைப்பாரோ என்ற பயம் பலருக்கும் உண்டு. அது கற்பனை இல்லை. இந்த விஷயத்தில் போடப்பட்ட ஒரு வழக்கைக் கூகுள் 2006-இல் 9 கோடி டாலர் சமரசத்தில் முடித்தது. இப்போது சந்தேகப்படும் கிளிக்குகளைக் கூகுளே கழித்துவிட்டுத்தான் பில் போடுகிறது, முழுக்கப் பிடிபடும் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரியின் கிளிக்கில் போகிற பணத்தைவிட 'ஃப்ரீ ஹோஸ்டிங்' கிளிக்கில் போகிற பணம்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

நம் கடைப் பெயரையே வேறொருவர் கீவேர்டாகப் போட்டு ஏலம் கேட்கலாமா? கேட்கலாம் என்கிற நிலைதான் இப்போது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் அகர்வால் பேக்கர்ஸ் தொடர்பான வழக்கிலும், அதே ஆண்டு இறுதியில் மேக்மைட்ரிப் வழக்கிலும் இதை எடுத்துப் பேசியது. மக்களுக்குக் குழப்பம் வராத வரை, ஒரு வர்த்தகப் பெயரைக் கீவேர்டாகப் பயன்படுத்துவது மட்டுமே அத்துமீறல் ஆகாது என்பது அதன் சாரம். ஆகவே உங்கள் பெயரைத் தேடினால் வேறு யார் விளம்பரமாவது மேலே வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வந்தால் உங்கள் பெயருக்கு நீங்களே ஏலம் கேளுங்கள். அந்தப் பெயருக்கு மிகப் பொருத்தமான பக்கம் உங்களுடையதுதான் என்பதால் கிளிக் மலிவாகவே கிடைக்கும். யாரும் வராவிட்டால் சும்மா விடுங்கள், இலவசமாக வருகிறவருக்கு எதற்குக் காசு?

சோதித்துப் பார்க்க எவ்வளவு பணம் வேண்டும்? நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்தால், ஏதாவது ஒரு நாள் 600 வரை போகலாம். ஆனால் முழு மாதத்துக்கு 300-ஐ 30.4-ஆல் பெருக்கிய 9,120 ரூபாயைத் தாண்டாது என்பது கூகுளின் விதி. 40 ரூபாய்க் கிளிக் என்றால் மாதம் ஏறத்தாழ 228 கிளிக். முதல் 100 கிளிக்கில் ஒருவரும் வாங்கவில்லை என்று பதற வேண்டாம். உண்மையிலேயே 100-க்கு 2 பேர் வாங்குகிற விளம்பரமாக இருந்தாலும், தொடர்ந்து 100 கிளிக்கில் யாரும் வாங்காமல் போவதற்கு எட்டில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலான வாய்ப்பு உண்டு. 300 கிளிக் தாண்டியும் யாரும் வரவில்லை என்றால் அது தற்செயல் இல்லை, அந்தச் சொல்லை நிறுத்திவிடலாம். இந்தத் தொகையைத் தாங்க முடியாது என்றால் விளம்பரத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல். அரைகுறையாக 2,000 ரூபாய்க்குப் போட்டுப் பார்ப்பதில் எதுவும் தெரியவராது.

பணம் போடும் முன் இலவசமாக முடிக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. கூகுள் மேப்பில் கடையின் விவரம் சரியாக இருக்கிறதா, நம்பர் வேலை செய்கிறதா, கஸ்டமர்கள் தமிழில் நாலு வரி ரிவ்யூ எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிளெக்ஸ் அடிக்கிறவர், விசிட்டிங் கார்டு அச்சடிக்கிறவர், ஆடிட்டர், புதிதாகத் தொழில் தொடங்குகிறவரை நமக்கு முன்பே பார்த்துவிடுகிறவர்கள் இவர்கள். ஒரு கஸ்டமரை அனுப்பினால் 1,000 ரூபாய் என்று சொல்லி வைத்தால், மேலே போட்ட கணக்கில் தலைக்கு 2,000 என்பது பாதியாகிவிடும்.

கடைசியாக ரினிவல். மேலே வைத்த கணக்கில் இரண்டாம் வருடம் 70 சதவீதம், மூன்றாம் வருடம் அவர்களில் 85 சதவீதம் என்று போட்டிருந்தோம். அதையே 90, 95 என்று வைத்துப் பாருங்கள். கிளிக் விலை அதே 40, வாங்குகிறவர் அதே 2 பேர், போன் எடுக்கிறவருக்கு அதே 500. தலைக்கு மிஞ்சுவது 387-இலிருந்து 865 ஆகிறது. விளம்பரத்தில் ஒரு பைசாவைத் தொடாமலே லாபம் இரண்டு மடங்குக்கு மேல். புதுப்பிக்காமல் போகிறவர்களில் நிறையப் பேர் கோபித்துக்கொண்டு போனவர்கள் இல்லை. ரினிவல் மெயில் ஸ்பாமில் விழுந்திருக்கும், அல்லது மெயில் முகவரி வேலையை விட்டுப் போன பழைய மேனேஜருடையதாக இருக்கும். டாட் காம் டொமைன் காலாவதியானதும் அதைப் பதிவு செய்த நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடமுண்டு. அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்கத் தனிக் கட்டணம், அது பல ஆயிரம் வரை போகும். அதற்கும் பிறகு 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும். சைட் நின்றுபோய், மீட்புக் கட்டணம் கேட்கிற நிலையில்தான் மண்டபக்காரர் நம்மைக் கூப்பிடுகிறார் என்றால், பணத்தைக் கட்டிய கையோடு வேறு ஆளைத் தேடுவார். காலாவதி தேதிக்கு ஒரு மாதம், ஒரு வாரம், முந்தின நாள் என்று மூன்று முறை, மெயிலோடு நிற்காமல் வாட்ஸ்அப்பிலும் போனிலும் சொல்லிவிட ஒரு ஆள் பாதி நாள் உட்கார்ந்தால் போதும். அடுத்த 60 நாளில் முடியப்போகிற டொமைன்களின் பட்டியல் உங்கள் பில்லிங் சாப்ட்வேரில் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரக் கணக்கைத் திறக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள்.